முடி சூடாத காஸ்டீல் மன்னர்: ஜோன் ஒஃப் கோண்டின் வாழ்க்கை

இலண்டன் நகரின் ஸ்ட்ராண்ட் வீதியில், தேம்ஸ் நதியை நோக்கி நிற்கும் சவோய் விடுதியையும் அதனருகேயுள்ள சவோய் நாடக அரங்கையும் நம்மவர்களில் பலர் கடந்து சென்றிருப்பர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த நிலத்தில் ஓர் அரண்மனை இருந்தது. இங்கிலாந்திலேயே அதற்கு இணையான தனியார் மாளிகை வேறில்லை என்று அக்காலத்தவர் கருதினர். அதன் உரிமையாளர் இங்கிலாந்தின் மன்னரல்லர், மன்னரின் மகன். ஆயினும் பதினாறு ஆண்டுகளாகத் தம்மை ஒரு மன்னரென்றே அவர் அழைத்துக்கொண்டார். அரச முத்திரை இருந்தது; அரசி இருந்தார்; அந்நிய மொழி பேசும் அதிகாரிகளும் பணிப்பெண்களும் கொண்ட அரசவையும் இருந்தது. நாடு மட்டும் இருக்கவில்லை. அது கடலுக்கு அப்பால் வேறொருவரின் கையில் இருந்தது.

அவர்தாம் ஜோன் ஒஃப் கோண்ட் எனப்படும் லங்காஸ்டர் கோமகன்.

1340ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த கெண்ட் நகரில் ஜோன் பிறந்தார். அந்நகரின் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்த முறையே கோண்ட் என்றாகி, அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. தந்தை மூன்றாம் எட்வேர்ட். தாய் பிலிப்பா அரசி. அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அதே கெண்ட் நகரில்தான் மூன்றாம் எட்வேர்ட் தம்மைப் பிரான்சின் மன்னரெனப் பகிரங்கமாக அறிவித்தார். பிரெஞ்சு அரியணையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. எனினும் அந்தப் பட்டத்தை முன்வைத்து இரு நாடுகளும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. கையில் இல்லாத நாட்டுக்கு மன்னரெனப் பெயர் பூணுவது ஜோனின் குடும்பத்துக்குப் புதிய வழக்கமன்று.

முன் பிறந்த சகோதரர்கள் இருந்தமையால் இங்கிலாந்தின் முடி ஜோனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அரிது. மூத்தவர் எட்வேர்ட், பின்னாளில் கறுப்பு இளவரசர் எனப் புகழ்பெற்ற போர்வீரர். ஜோனுக்குச் செல்வம் திருமணத்தின் வழியே வந்தது. 1359இல் லங்காஸ்டர் கோமகனின் மகளான பிளாஞ்ச் என்னும் இளம் சீமாட்டியை அவர் மணந்தார். இரண்டு ஆண்டுகளில் மாமனார் இறந்தார். அடுத்த ஆண்டு பிளாஞ்சின் ஒரே சகோதரியும் பிள்ளையின்றி இறந்தார். லங்காஸ்டர் குடும்பத்தின் நிலம் முழுவதும் ஜோனின் கைக்கு வந்து சேர, 1362 நவம்பரில் அவர் லங்காஸ்டர் கோமகனாக உயர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. லங்காஸ்டர், லெஸ்டர், கெனில்வேர்த், பொண்டிஃப்ராக்ட், போலிங்புறூக் எனக் கோட்டைகள் நாடெங்கும் அவர் வசமாயின. ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுணுக்கும் மேல். மன்னருக்கு அடுத்தபடியாக இங்கிலாந்தில் அவரளவு செல்வம் படைத்தவர் எவருமில்லை.

1368இல் பிளாஞ்ச் இறந்தார். அவருடைய நினைவாகக் கவிஞர் சோசர் ஒரு நெடும் பாடல் இயற்றினார் என்பர். சோசரின் தொடக்க காலப் படைப்புகளில் ஒன்றாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது. அவர் விட்டுச்சென்ற பிள்ளைகள் மூவர்: பிலிப்பா, எலிசபெத், ஹென்றி.

இனி நாம் ஸ்பெயினுக்குச் செல்லவேண்டும். அன்று ஸ்பெயின் என்ற ஒரே நாடு இருக்கவில்லை. காஸ்டீல், அரகன், நவார், கிரனாடா எனப் பல அரசுகள் இருந்தன. அவற்றுள் பெரியது காஸ்டீல்-லியோன். அதன் மன்னர் பெத்ரோ. பகைவர் அவரைக் கொடியவர் என்றனர். ஆதரவாளர் நீதிமான் என்றனர். 1366இல் அவருடைய தந்தைக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவரான என்றிக்கே, பிரெஞ்சுக் கூலிப்படையின் துணையோடு நாட்டைக் கைப்பற்றினார். பெத்ரோ தம் புதல்வியரை அழைத்துக்கொண்டு, ஆங்கிலேயரின் ஆட்சியிலிருந்த பயோன் துறைமுகத்தில் தஞ்சம் புகுந்தார்.

தஞ்சம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அரியணையை மீட்டுத் தருவதாயின் படைச்செலவு முழுவதையும் பெத்ரோவே கொடுக்கவேண்டும் என்று கறுப்பு இளவரசர் உடன்படிக்கை எழுதினார். பிணையாகப் பெத்ரோவின் புதல்வியர் ஆங்கிலேயரிடம் விடப்பட்டனர். 1367 ஏப்ரலில் நாஹெரா என்னுமிடத்தில் நடந்த போரில் ஆங்கிலப் படை பெருவெற்றி பெற்றது. முன்னணிப் படையில் நின்று போரிட்டவர்களுள் ஜோனும் ஒருவர். பெத்ரோ மீண்டும் மன்னரானார். ஆனால் வாக்களித்த பணத்தை அவரால் கொடுக்க இயலவில்லை. நோயுற்ற கறுப்பு இளவரசர் படையோடு திரும்பினார். ஆதரவை இழந்த பெத்ரோவை 1369 மார்ச்சில் மொந்தியேல் கோட்டையருகே என்றிக்கே தம் கையாலேயே குத்திக் கொன்றார்.

பணயமாக விடப்பட்ட சிறுமிகளை மீட்க எவரும் மிஞ்சவில்லை. தந்தையுமில்லை, திரும்பிச் செல்ல நாடுமில்லை. மகள்மாரில் கொன்ஸ்தான்சா பன்னிரண்டாம் வயதில் ஊரைவிட்டு வந்தவர். ஐந்தாண்டுகள் அந்நியரின் காவலில் வளர்ந்தார். ஆயினும் பெத்ரோவின் ஆதரவாளர்களுக்கு அவரே சட்டப்படியான அரசி.

1371 செப்டெம்பரில், தென்மேற்குப் பிரான்சின் ரொக்ஃபோர்ட் என்ற ஊரில் ஜோன் கொன்ஸ்தான்சாவை மணந்தார். மணமகளுக்கு வயது பதினேழு. அடுத்த ஆண்டு ஜனவரியில் காஸ்டீல், லியோன் நாடுகளின் மன்னர் என்ற பட்டத்தை ஜோன் பூண்டார். மூன்றாம் எட்வேர்டும் அவருடைய அரச சபையும் அதை ஏற்றுக்கொண்டனர். இதனைப் பேராசை என்று மட்டும் கூறிவிட முடியாது. என்றிக்கே பிரான்சின் நண்பர். காஸ்டீலின் துடுப்புக் கப்பல்கள் மேற்கைரோப்பியக் கடலில் மிகவும் வலிமை வாய்ந்தவை. 1372 ஜூன் மாதத்தில் லா றொஷெல் துறைமுகத்துக்கு முன்னால் அக்கப்பல்கள் ஓர் ஆங்கிலக் கடற்படையை முற்றாக அழித்தன. பின்னர் இங்கிலாந்தின் தென்கரை ஊர்களையே அவை கொளுத்தின. காஸ்டீலின் அரியணையில் ஒரு நண்பரை அமர்த்துவது இங்கிலாந்தின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயமாகவே கருதப்பட்டது.

1372 பெப்ரவரியில் கொன்ஸ்தான்சா இலண்டனுக்குள் நுழைந்தார். அப்போதே உடல்நலம் குன்றியிருந்த கறுப்பு இளவரசர் எதிர்கொண்டு வரவேற்று, நகரத்தவரின் ஊர்வலத்தோடு சவோய் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். தங்கை இசபெல், ஜோனின் தம்பி எட்மண்டுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். சகோதரியர் இருவரும் சகோதரர் இருவரின் மனைவியராயினர். வேறெவரும் அவர்களை மணந்து உரிமை கோராதபடி வாசல் அடைக்கப்பட்டது என்றும் இதனைச் சொல்லலாம்.

அந்த அரசவையின் வாழ்க்கை நம் போன்றோர் நின்று நோக்கத்தக்கது. பெத்ரோவுக்காகப் போரிட்டோரும், அவரோடு ஊரைவிட்டு வந்தோரும், பின்னர் என்றிக்கேயுடன் ஒத்துப்போக முடியாதோரும் ஜோனைச் சுற்றிக் கூடினர். ஹுவான் குத்தியேறஸ் என்ற குருவானவர் ஜோனின் காஸ்டீலியச் செயலாளராகப் பணியாற்றினார். பின்னாளில் டாக்ஸ் நகர ஆயராக உயர்ந்தார். கொருணாத் துறைமுகத்தைச் சேர்ந்த ஹுவான் பெர்னாண்டஸ் தெ அந்தெய்றோ, போர்த்துக்கல் அரசவைக்கும் சவோய்க்கும் இடையே தூது சென்றார். பின்னர் அந்நாட்டு அரசியலில் ஆழ இறங்கி 1383இல் லிஸ்பன் அரண்மனையில் கொல்லப்பட்டார். கொன்ஸ்தான்சாவின் அறைகளில் காஸ்டீலியப் பெண்கள் பணிபுரிந்தனர். சாசனங்களில் ஜோனின் கையொப்பம் ஸ்பானிய முறைப்படி அரசர் என்றே இடப்பட்டது. குலச்சின்னத்தில் காஸ்டீலின் கோட்டையும் லியோனின் சிங்கமும் சேர்க்கப்பட்டன. ஆங்கிலப் பிரபுக்கள் அவரை ஸ்பெயினின் பிரபு என்று அழைத்தனர். மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது அழைத்தவருக்கே வெளிச்சம்.

இல்லறம் இனிமையாக அமைந்ததாகத் தெரியவில்லை. முதல் மனைவியின் மகள்மாருக்கு ஆசிரியையாக அமர்ந்த கத்தரின் சுவின்ஃபர்ட் என்ற விதவையோடு ஜோனுக்கு உறவு ஏற்பட்டது. நான்கு பிள்ளைகள் பிறந்தனர். நாடறிந்த செய்தி அது. கொன்ஸ்தான்சாவுக்கு எஞ்சியது கத்தலீனா என்ற ஒரே மகள். 1374இல் பிறந்த ஆண் மகவு குழந்தையாகவே இறந்தது. நாட்டைத் திரும்பப் பெறுவதற்காகவே கைப்பிடித்த கணவர், ஆண்டுகள் பல கழிந்தும் அந்தத் திசையில் கப்பல் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணங்கள் இருந்தன. 1373இல் கலேயிலிருந்து போர்தோ வரை பிரான்சை ஊடறுத்து ஜோன் நடத்திய பெரும் படையெடுப்பு, பனியிலும் பசியிலும் குதிரைகளையும் வீரர்களையும் இழந்து பயனின்றி முடிந்தது. 1376இல் கறுப்பு இளவரசர் இறந்தார். மறு ஆண்டு மூன்றாம் எட்வேர்டும் இறந்தார். பத்து வயதுப் பேரன் இரண்டாம் ரிச்சர்ட் முடிசூடினார். சிறுவனின் சிற்றப்பனான ஜோன் அரியணையைப் பறித்துவிடுவார் என்ற வதந்தி எங்கும் பரவியது. அவர் அதற்கு முயன்றதற்குச் சான்றில்லை. ஆயினும் தோற்ற போருக்கும் உயர்ந்த வரிக்கும் பொறுப்பாளி ஒருவர் மக்களுக்குத் தேவைப்பட்டார். சமய சீர்திருத்தவாதி விக்ளிஃபுக்கு அவர் ஆதரவளித்ததும், 1377இல் இலண்டன் மக்கள் அவருடைய அரண்மனை வாசல்வரை கலகம் செய்ததும் தனிக் கதை.

1381 ஜூன் மாதத்தில் தலைவரியை எதிர்த்துக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தென்கிழக்கு மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள், ஜோன் என்ற பெயருடைய எவரையும் மன்னராக ஏற்பதில்லை என்று வழிப்போக்கரிடமெல்லாம் உறுதிமொழி வாங்கினர் என அக்கால மடாலய வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவு செய்துள்ளார். காஸ்டீல் பட்டம் பூண்டவர் இங்கிலாந்தின் முடிக்கும் ஆசைப்படுவார் என்ற அச்சமே காரணம். நாட்டை மீட்டுத் தராத அந்தப் பட்டம், சொந்த நாட்டில் பகையை மட்டும் சம்பாதித்துத் தந்தது.

ஜூன் 13ஆம் நாள் சவோய் அரண்மனை தீக்கிரையானது. வந்தவர்கள் கொள்ளையர் அல்லர் என்பதை நிரூபிப்பதில் கிளர்ச்சியாளர் பிடிவாதமாக இருந்தனர். பொன் வெள்ளிப் பாத்திரங்களை உடைத்துத் தேம்ஸில் எறிந்தனர், மணிக்கற்களை நொறுக்கினர். ஒரு வெள்ளிப் பொருளைத் திருடிய தம் கூட்டத்தவன் ஒருவனைத் தீயிலேயே தள்ளினர் என்பர். பீப்பாக்களில் பொன் இருப்பதாக எண்ணி நெருப்பில் போட, அவை வெடிமருந்துப் பீப்பாக்களாக இருந்தமையால் மண்டபமே வெடித்துச் சிதறியதாம்.

ஜோன் அங்கே இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார். அப்போது அவர் ஸ்கொட்லாந்து எல்லையில் சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். செய்தி கேட்டுத் தெற்கே திரும்ப முனைந்தபோது, வடபகுதிப் பிரபுவான பேர்சி அவருக்கு இடங்கொடுக்க மறுத்தார். இங்கிலாந்தின் மிகப்பெரிய செல்வந்தர், எதிரி நாட்டவரான ஸ்கொட்லாந்தியரிடமே அடைக்கலம் கேட்டார். அவர்கள் மரியாதையோடு ஏற்று எடின்பரோவின் ஹோலிரூட் மடாலயத்தில் தங்கவைத்தனர். அதே நாட்களில் கொன்ஸ்தான்சா இரவில் ஓடிக்கொண்டிருந்தார். கணவரின் சொந்தக் கோட்டையான பொண்டிஃப்ராக்டின் காவலர்களே கதவு திறக்கவில்லை. தீவட்டி வெளிச்சத்தில் மேலும் பயணம் செய்து நேர்ஸ்பறோக் கோட்டையை அடைந்தார். பன்னிரண்டு வயதில் காஸ்டீலைவிட்டு ஓடியவருக்கு இருபத்தாறில் இங்கிலாந்திலும் ஓட்டம்.

கலகம் அடங்கியது. அந்த அனர்த்தத்தைத் தம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாக ஜோன் கருதினார் எனவும், கத்தரினை விலக்கி மனைவியோடு இணக்கமானார் எனவும் வரலாறுகள் கூறும். சவோய் அரண்மனையை அவர் திரும்பக் கட்டவில்லை.

வாய்ப்பு 1385இல் வந்தது. காஸ்டீலில் என்றிக்கே இறந்து அவருடைய மகன் ஹுவான் ஆண்டுகொண்டிருந்தார். அவர் போர்த்துக்கலையும் விழுங்க முயன்றபோது, ஆகஸ்ட் 14ஆம் நாள் அல்ஜுபரோட்டாப் போரில் போர்த்துக்கேய மன்னர் ஜொவாவோ அவரை முறியடித்தார். ஜோன், ஹுவான், ஜொவாவோ என்பன ஒரே பெயரின் மூன்று வடிவங்கள், வாசகர்கள் குழம்பவேண்டாம். 1386 மே மாதத்தில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் வின்ட்சர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. இன்றுவரை முறியாத நட்புறவு உடன்படிக்கை அது. உரோமைப் பாப்பரசர் ஆறாம் உர்பான் இப்படையெடுப்பைச் சிலுவைப் போராக அறிவித்தார். காஸ்டீல் பிரெஞ்சுச் சார்புடைய மற்றப் பாப்பரசரை ஏற்றிருந்ததே காரணம். இரண்டாம் ரிச்சர்ட் தம் சிற்றப்பனுக்கும் கொன்ஸ்தான்சாவுக்கும் பொன்முடிகள் வழங்கி வழியனுப்பினார்.

ஜூலையில் பிளிமத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. மனைவி, மூன்று மகள்மார், சில ஆயிரம் வீரர் எனக் குடும்பத்தோடு சென்றார் ஜோன். புனித யாகப்பரின் திருநாளான ஜூலை 25ஆம் நாள் கொருணாவில் கரையிறங்கினர். யாகப்பரின் திருத்தலமான சந்தியாகோ வாயில் திறந்தது. கலீசியாவின் பெரும்பகுதி பெரும் போரின்றி அடங்கியது. ஒரென்சே நகரில் அவர் அரசவை நடத்தினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் கொன்ஸ்தான்சா தம் நாட்டு மண்ணில் அரசியாக நின்றார்.

அதற்கு மேல் எதுவும் கைகூடவில்லை. நவம்பரில் ஜோன் போர்த்துக்கேய மன்னரைச் சந்தித்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் மகள் பிலிப்பா அம்மன்னரை மணந்தார். இருவரின் படைகளும் சேர்ந்து லியோனுக்குள் புகுந்தன. ஹுவான் தந்திரசாலி. அல்ஜுபரோட்டாவில் பட்ட அடியை மறவாமல், வெளியே வந்து போரிட மறுத்தார். கோட்டைக் கதவுகளை அடைத்து, சுற்றுப்புறத் தானியத்தை அப்புறப்படுத்தி, காத்திருந்தார். பசியும் வயிற்றோட்டமும் வெயிலும் ஆங்கிலப் படையைத் தின்றன. அதனிலும் கொடியது மக்கள் காட்டிய அமைதி. பெத்ரோவின் மகளைக் கண்டதும் காஸ்டீல் திரண்டெழும் என்று சவோயில் இருந்தவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தனர். எழவில்லை. பெத்ரோ இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை நினைத்திருந்தோர் முதுமையடைந்திருந்தனர். இளையோருக்கு ஹுவானைத் தவிர வேறு மன்னரைத் தெரியாது. அந்நியப் படையோடு வந்திறங்கிய ஆங்கிலப் பிரபுவை அவர்கள் தம் மன்னராகக் காணவில்லை. பழைய நாட்டின் செய்தியைப் பழைய மனிதரிடமே கேட்டுக்கொண்டிருந்த அரசவைக்கு இது தெரியாமற் போனதே ஜோனின் பெருந்தவறு என்பது என் எண்ணம்.

ஹுவானுக்கும் போர் கட்டுப்படியாகவில்லை. பேச்சு தொடங்கியது. 1388 ஜூலை 8ஆம் நாள் பயோனில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. பெத்ரோ முன்பு தஞ்சம் புகுந்த அதே ஊர். ஜோனும் கொன்ஸ்தான்சாவும் காஸ்டீல் மீதான உரிமையைக் கைவிட்டனர். ஈடாக ஆறு இலட்சம் பொன் பிராங்குகள், அதாவது ஒரு இலட்சம் பவுண். அதற்கு மேல் இருவரின் ஆயுள்வரை ஆண்டுதோறும் 40,000 பிராங்குகள். மகள் கத்தலீனா, ஹுவானின் மூத்த மகன் என்றிக்கேயை மணக்கவேண்டும். மணமகனுக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. மணமகள் பதினைந்து கடந்தவர். அவர்களுக்கு அஸ்தூரியாஸ் இளவரசர் என்ற புதிய பட்டம் ஏற்படுத்தப்பட்டது. ஸ்பெயினின் முடிக்குரிய வாரிசு இன்றும் தாங்குவது அந்தப் பட்டத்தையே. கொன்றவரின் பேரனும் கொல்லப்பட்டவரின் பேத்தியும் அவ்வாறு மணமக்களாயினர்.

மன்னர் பட்டம் முடிந்தது. ஜோன் அதன்பின் அதனைப் பயன்படுத்தவில்லை. பணப்பெட்டிகளைச் சுமந்த கோவேறு கழுதைகளின் வரிசை மலைகளைக் கடந்து வந்ததை ஆங்கில வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதினர். அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நட்டமடைந்தவர் என்றும் கூறமுடியாது. அந்தப் பட்டத்தை நம்பி ஊரைவிட்டு வந்தவர்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

எஞ்சிய ஆண்டுகளை விரைந்து கூறலாம். 1390இல் அவர் அக்கித்தேன் கோமகனானார். 1394இல் கொன்ஸ்தான்சா இறக்க, 1396இல் ஜோன் கத்தரினையே மணந்து ஊரை வியக்கவைத்தார். அவர்களின் பிள்ளைகள் பாப்பரசராலும் பாராளுமன்றத்தாலும் சட்டபூர்வமாக்கப்பட்டனர். 1398இல் ரிச்சர்ட் மன்னர், ஜோனின் மகன் ஹென்றியைப் பத்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தினார். பின்னர் அது ஆறாகக் குறைக்கப்பட்டது. மகனை மீண்டும் காணாமலே 1399 பெப்ரவரி 3ஆம் நாள் லெஸ்டர் கோட்டையில் ஜோன் இறந்தார். ரிச்சர்ட் லங்காஸ்டர் நிலங்களைப் பறிமுதல் செய்து, ஹென்றியை ஆயுட்காலம் முழுவதும் நாடு திரும்பக்கூடாதவராக்கினார். அவ்வாண்டு கோடையில் ஹென்றி சிறுபடையோடு யோர்க் கரையில் இறங்கினார். ஒக்டோபரில் அவரே நான்காம் ஹென்றியாக முடிசூடினார். அன்று தொட்டு லங்காஸ்டர் உடைமை இங்கிலாந்தின் முடியோடு சேர்ந்து, ஆட்சியிலிருக்கும் மன்னரின் தனிச் சொத்தாகவே இருந்துவருகிறது.

தாம் அமராத அரியணைகளில் அவருடைய சந்ததியினர் அமர்ந்தனர். கத்தலீனா காஸ்டீலின் அரசியாகி, கணவர் இறந்தபின் தம் இளம் மகனின் சார்பில் நாட்டை ஆண்டவர்களுள் ஒருவரானார். கொலம்பசை அனுப்பிய இசபெல் அரசி அவருடைய பேத்தி. பிலிப்பாவின் மகன்களுள் ஒருவர், கடலோடி ஹென்றி எனப் பெயர்பெற்ற இளவரசர். வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பிய மனுவேல் மன்னர் பிலிப்பாவின் கொள்ளுப்பேரன். அவருடைய கப்பல்களே 1505இல் இலங்கையை அடைந்தன. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் யாரிடம் வீழ்ந்தது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஜோனின் உடல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில், முதல் மனைவி பிளாஞ்சின் அருகே அடக்கப்பட்டது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அக்கல்லறை பேராலயத்தோடு அழிந்தது. கொன்ஸ்தான்சா அங்கு இல்லை. காஸ்டீலுக்கும் கொண்டுசெல்லப்படவில்லை. லெஸ்டரின் நியூவார்க் தேவாலயத்தில் அவரைப் புதைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் அந்தத் தேவாலயம் இடிக்கப்பட்டது. அதன் இரண்டு கல் வளைவுகள் மட்டும் இன்று ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலவறைத் தளத்தில் நிற்கின்றன.